யூனிக்ஸ் குடியேற எவ்வளவு இடம் வேண்டும்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு என் மாமா ஒரு பழைய கணிப்பொறியைத் தம் மொபெட்டின் பின்னால் கயிற்றால் கட்டி எங்கள் வீட்டிற்குக் கொண்டுவந்து இறக்கினார். பக்கத்து ஊரில் பிரவுசிங் சென்டர் ஒன்றை மூடியபோது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கியதாம். துணைப்பாடமான சி மொழிக்கு வாரத்தில் இரண்டு மணி நேர ஆய்வகம் போதவில்லை என்று நான் எப்போதோ புலம்பியதை அவர் மனத்தில் வைத்திருந்திருக்கிறார். பென்டியம் 4 செயலி, 40 கிகாபைட் வட்டு, 256 மெகாபைட் நினைவகம். எங்கள் வீட்டிற்குள் வந்த முதல் கணிப்பொறி அதுதான்.

பெட்டியைச் சுற்றி வந்து பார்த்த அம்மா, "இதுல தமிழ் வருமா பாப்பா?" என்று கேட்டார். அம்மா மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுபவர். பன்னிரண்டு பேரின் சேமிப்பும் கடனும் ஒரு நீள நோட்டில் அடித்தும் திருத்தியும் கிடக்கும். "வரும்மா" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்ற எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அந்த நான்கு மாதங்களில் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பழைய பெட்டி என்றால் லினக்ஸ் போடு என்பது மாணவரிடையே வேதவாக்குப் போல வழங்கும் ஒரு சொல். லினக்ஸ் என்பது யூனிக்ஸ் வழிவந்த இயக்க முறைமை. அதாவது, கணிப்பொறியின் உறுப்புகளை எல்லாம் மேய்த்து, நம் நிரல்களை ஓடச் செய்யும் அடிப்படை மென்பொருள். அதற்கு விலை இல்லை. வகுப்புத் தோழி ஒருத்தி அதை டிவிடியில் பதிந்து கொடுத்தாள். திரை, படங்கள், சுட்டி எல்லாம் டிவிடியிலிருந்தே எழும்பி, அதன் பின்னர் வட்டில் நிறுவிக்கொள்ளும் வகை அது. இருபது நிமிடம் விளக்கு மினுக்கியது. பிறகு கறுத்த திரையில் ஓர் அம்புக்குறி மட்டும் நின்றது. விடியும் வரை அது அப்படியே நின்றது.

அடுத்து, படங்கள் ஏதுமின்றி எழுத்தாலேயே கேள்வி கேட்கும் நிறுவியை முயன்றேன். நினைவகம் குறைவாக இருப்பதால் ஆங்கிலத்தில் மட்டுமே தொடர்வேன் என்று அறிவித்துவிட்டு அது நாலைந்து படிகள் நடந்தது. வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் கட்டத்துக்கு வருவதற்குள் அதுவும் நின்றுவிட்டது. 256 என்று ஒட்டுச்சீட்டில் எழுதியிருந்தாலும் திரையில் 248 என்றே காட்டியது. மீதி 8 மெகாபைட்டைத் திரைப்படத்துக்கான சில்லு தன் பங்காக எடுத்துக்கொள்கிறது என்பது பின்னர்தான் தெரிந்தது. நினைவகம் கூட்டலாமா என்று ஒரு கடையில் கேட்டேன். "இந்த ரகத்துக்கு ரேம் தேடி அலையறதுக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கிடலாம்மா" என்றார் கடைக்காரர். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

அப்போது எழுந்த கேள்விதான் இக்கட்டுரையின் தலைப்பு. யூனிக்ஸ் ஒரு கணிப்பொறியில் குடியேற உண்மையிலேயே எவ்வளவு நினைவகம் வேண்டும்?

யூனிக்ஸ் பிறந்தது 1969இல், அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து மர்ரே ஹில் என்னும் ஊரில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில். மல்டிக்ஸ் என்னும் பெரும் திட்டத்திலிருந்து அந்த ஆய்வுக்கூடம் அவ்வாண்டு விலகிக்கொண்டது. கென் தாம்சன் என்பவருக்கு வேலை செய்யப் பெரிய கணிப்பொறி இல்லாமற் போயிற்று. அவருக்குக் கிட்டியது பி.டி.பி.-7 என்னும் சிறிய இயந்திரம். அதன் நினைவகம் 8,192 சொற்கள். ஒரு சொல்லுக்கு 18 பிட்டுகள். இன்றைய கணக்கில் 18 கிலோபைட்.

அக்கால நினைவகம் சில்லுகளால் ஆனதன்று. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சின்னஞ்சிறு ஃபெரைட் வளையம்; அவற்றின் ஊடே கம்பிகளைக் கோத்துப் பாசிமணி பின்னுவது போலப் பின்னியிருப்பார்கள். வலப்புறமாகக் காந்தமேறினால் ஒன்று, இடப்புறமாக ஏறினால் சுழி. மின்சாரத்தை நிறுத்தினாலும் வளையம் தன் காந்தத்தை விடாது. காந்தத் தயக்க வளைகோட்டை மதிப்பெண்ணுக்காக எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். அந்தத் தயக்கத்தையே ஒருவர் நினைவாற்றலாக மாற்றினார் என்று எந்த வகுப்பிலும் என் காதில் விழவில்லை. பி.டி.பி.-7இன் நினைவகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 8,192 பெருக்கல் 18, மொத்தம் 1,47,456 வளையங்கள். நினைவகம் ஏன் அவ்வளவு அருமையாக இருந்தது என்பது இதிலிருந்து விளங்கும்.

அடுத்து வந்த பி.டி.பி.-11 இயந்திரத்தில் 24 கிலோபைட் கிடைத்தது. அதில் 16 கிலோபைட் இயக்க முறைமைக்கு. மீதி 8 கிலோபைட் மக்களின் நிரல்களுக்கு. வட்டு அரை மெகாபைட். 1971ஆம் ஆண்டின் பிற்பாதியில் இந்த இயந்திரத்தில் ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த மூன்று தட்டச்சர்கள் நாள் முழுவதும் விண்ணப்பங்களைத் தட்டினார்கள். அதே வேளையில் யூனிக்ஸை ஆக்கியவர்கள் தங்கள் ஆராய்ச்சியையும் அதிலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

8 கிலோபைட்டில் இத்தனை பேர் எப்படி? ஒரு நேரத்தில் ஒருவருடைய நிரல் மட்டுமே நினைவகத்தில் இருக்கும். அவர் முறை முடிந்ததும் அந்த நிரலை அப்படியே தூக்கி வட்டில் போட்டுவிட்டு அடுத்தவருடையதைக் கொண்டுவருவார்கள். இதற்கு ஸ்வாப் என்று பெயர். எங்கள் தெருக் குழாயடியில் குடங்கள் முறை மாறுவதை ஒத்தது. குழாய் ஒன்றுதான்; ஆனால் குடங்கள் விரைவாக மாறினால் எல்லா வீட்டிலும் உலை கொதிக்கும்.

என் பெட்டியின் 256 மெகாபைட்டை இந்த 24 கிலோபைட்டால் வகுத்தேன். ஏறத்தாழ 10,900 வந்தது. மூன்று தட்டச்சர்களையும் சில விஞ்ஞானிகளையும் தாங்கிய நினைவகத்தைப் போலப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மடங்கு எங்கள் கூடத்தில் கிடக்கிறது. அதில் ஓர் அம்புக்குறிகூட நகரவில்லை! அக்காலத்தவர் சிக்கனமானவர்கள், இக்காலத்தவர் ஊதாரிகள் என்று கோபமாக ஒரு கட்டுரை எழுதி இம்மலருக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பாதி எழுதியும் வைத்திருந்தேன்.

அதைக் கிழித்ததற்குக் காரணம் 1973ஆம் ஆண்டு. அதுவரை யூனிக்ஸ் இயந்திரக் குறியீட்டை ஒட்டிய மொழியில், அந்த ஓர் இயந்திரத்துக்காகவே எழுதப்பட்டிருந்தது. அவ்வாண்டில் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதன் கருவை சி மொழியில் திரும்ப எழுதினார்கள். அதனால் அது பழையதைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிட்டது. இதை அவர்களே 1974இல் வெளியிட்ட கட்டுரையில் ஒளிக்காமல் சொல்கிறார்கள். வளையம் வளையமாக எண்ணிச் செலவிட்ட காலத்தில் மூன்றில் ஒரு பங்கு என்பது சிறிய விலையன்று. ஆனால் அந்த விலையைக் கொடுத்ததால்தான் யூனிக்ஸை மனிதர் படித்துத் திருத்த முடிந்தது. 1977-78இல் இன்டர்டேட்டா 8/32 என்னும் முற்றிலும் வேறான இயந்திரத்துக்கு அதைப் பெயர்க்க முடிந்தது. பெருக்காமல் வைத்திருந்தால் அது பி.டி.பி.-11உடன் சேர்ந்து அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும்; எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்திராது.

மேற்சொன்ன 1974ஆம் ஆண்டுக் கட்டுரையில்தான் என் கேள்விக்கு நேரான விடையும் முதன்முதலில் கிடைக்கிறது. அவர்களுடைய பி.டி.பி.-11/45இல் 144 கிலோபைட் நினைவகம். அதில் யூனிக்ஸ் பிடித்துக்கொண்டது 42. வேண்டாத இயக்கிகளைக் கழித்துச் சிக்கனமாக அமைத்தால் மொத்தம் 50 கிலோபைட் இருந்தாலே போதும். 1978இல் அதே கட்டுரையைத் திருத்தி வெளியிட்டபோது இந்த 50 என்பது 96 ஆகிவிட்டது. நான்கே ஆண்டுகளில் கிட்டத்தட்ட இரு மடங்கு. அதே காலத்தில், எல்.எஸ்.ஐ.-11 என்னும் நுண்செயலி இயந்திரத்தில் 40 கிலோபைட்டுக்குள் அடங்கும் குட்டி யூனிக்ஸ் ஒன்றையும் பெல் ஆய்வுக்கூடத்தார் செய்தனர். ஆகவே, 'யூனிக்ஸுக்கு இவ்வளவு வேண்டும்' என்று ஒற்றை எண் எக்காலத்திலும் இருந்ததில்லை. எதை விட்டுக்கொடுக்கச் சம்மதம் என்று நம்மைக் கேட்டுவிட்டுத்தான் அந்த எண் பேசும்.

இனி என் சிக்கலுக்கு வருகிறேன். இந்த எண்கள் எல்லாம் யூனிக்ஸ் ஓடுவதற்கு வேண்டியவை. என் பெட்டியிலோ அது ஓடுவதற்கு முன்பே, நிறுவும்போதே நின்றுவிட்டது. இரண்டும் ஒன்றல்ல என்பது எனக்கு உறைக்க நாளாயிற்று.

நெல் விளையும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். வீட்டில் குதிர் இருக்கிறது. நெல் வேண்டுமென்றால் இரண்டு மரக்கால் எடுத்து வாசலில் பரப்பிக் காயவைத்து அள்ளிக்கொள்கிறோம். அதற்கு வாசல் போதும். ஆனால் அறுவடை நாளன்று கட்டுக் கட்டாகக் கதிர் வந்து இறங்குகிறது. அடிக்க வேண்டும், தூற்ற வேண்டும், வைக்கோலை ஒரு புறம் தள்ள வேண்டும், பதரை ஒரு புறம் ஒதுக்க வேண்டும். அதற்குக் களம் வேண்டும். குதிரில் போய்ச் சேரும் நெல்லைவிடக் களத்தில் பரவும் பொருள் பல மடங்கு. களம் இல்லாதவர்கள் தார்ச்சாலையில் பரப்பிவிட்டுப் பேருந்துக்காரரிடம் ஏச்சு வாங்குவதையும் பார்க்கிறோம்.

கணிப்பொறியில் வட்டுதான் குதிர். நினைவகம் வேலை செய்யும் தரை. நிறுவும் நாளில் குதிர் இன்னும் கட்டப்படவே இல்லை. வட்டு பிரிக்கப்படாமல் வெறுமையாகக் கிடக்கிறது. ஆகையால் நிறுவி தன் உடைமைகள் அனைத்தையும் நினைவகத்திலேயே பரப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது சுருக்கிக் கட்டிய மூட்டையாக வருகிறது. பிரிக்கும்போது மூட்டையும் அதிலிருந்து எடுத்ததும் சிறிது நேரம் ஒருசேர இடத்தை அடைக்கின்றன. எந்த வீட்டில் எந்த வட்டு, எந்த வலையமைப்புச் சில்லு இருக்குமோ என்று அதற்குத் தெரியாது. எனவே உலகில் உள்ள பெட்டிகளுக்கெல்லாம் வேண்டிய இயக்கிகளைச் சுமந்து வருகிறது. ஆயிரக்கணக்கான தொகுப்புகளின் பட்டியலைப் படித்து, எதற்கு எது துணை என்று கணக்கிடவும் வேண்டும். நினைவகம் போதாதபோது வட்டில் கொஞ்சம் இறக்கிவைக்கும் ஸ்வாப் என்னும் உதவியோ, வட்டைப் பிரித்த பிறகுதான் கிடைக்கும். என் நிறுவி அந்தக் கட்டத்துக்கு முன்னாலேயே மூச்சடைத்து விழுந்தது ஏன் என்பது இப்போது விளங்குகிறதல்லவா? உதவி வாசலுக்கு வெளியே நின்றது. கதவைத் திறக்க உள்ளே இடமில்லை.

முன்னோர் இதை எப்படிச் சமாளித்தனர்? 1975இல் வெளியான யூனிக்ஸின் ஆறாம் பதிப்புக்கு நிறுவி என்று ஒன்று இன்றைய பொருளில் கிடையவே கிடையாது. காந்த நாடா ஒன்று அஞ்சலில் வரும். அதன் தலைப்பில் உள்ள மிகச் சிறிய நிரல், நாடாவில் உள்ள 4,000 கட்டங்களை, அதாவது சுமார் 2 மெகாபைட்டை, அப்படியே வட்டில் படியெடுக்கும். அவ்வளவுதான். அடித்துத் தூற்றிய நெல்லே மூட்டையில் வந்துவிடுகிறது, களம் எதற்கு? உங்கள் இயந்திரத்தின் உறுப்புகளுக்கு ஏற்பக் கருவை மாற்றியமைக்கும் வேலையை, யூனிக்ஸ் ஓடத் தொடங்கிய பிறகு, வட்டின் துணையோடு நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

லினக்ஸின் தொடக்க வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி ஒன்றும் இதைப் பற்றியதே. பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதினார். அப்போது அவருக்கு வயது 21. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர் (இதை நினைத்தால் அன்றைக்குப் படிப்பு ஓடுவதில்லை). அவருடைய கணிப்பொறியில் 4 மெகாபைட் இருந்தது. ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார்: தம்மிடம் 2 மெகாபைட்தான் இருக்கிறது, அதில் லினக்ஸின் கருவைத் தொகுக்க முடியவில்லை, வழி உண்டா என்று. லினஸுக்கு அந்தக் குறை இல்லை, பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, நினைவகப் பக்கங்களை வட்டுக்கு மாற்றும் வசதியை எழுதிச் சேர்த்தார். 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் அது இருந்தது. குறைந்த நினைவகம் கொண்ட ஒருவர் கேட்டதால் லினக்ஸுக்கு ஸ்வாப் வந்தது. 1993இல் வெளியான ஸ்லாக்வேரை 4 மெகாபைட் பெட்டிகளில் போட்டவர்களும், நிறுவியைத் தொடங்கும் முன்பே கையால் ஸ்வாப் பகுதியை அமைத்துத் தூண்டிவிட்டுத்தான் மேலே போனார்கள்.

இன்றைய நிலையையும் சொல்லிவிடுகிறேன். 2023இல் வந்த டெபியன் 12 என்னும் லினக்ஸ் வெளியீட்டின் கையேடு, படத்திரை இல்லாமல் நிறுவக் குறைந்தது 256 மெகாபைட், நன்றாக நடக்க 512 என்கிறது. படத்திரையோடு என்றால் குறைந்தது 1 கிகாபைட், நன்றாக நடக்க 2. அடுத்து 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் எங்கள் வீட்டிலுள்ளது போன்ற 32 பிட் பெட்டிகளுக்கு நிறுவியே தரப்படவில்லை. ஆகவே எனக்குரியது 12தான். அதன் விளிம்பான 256இல் 8 குறைய நான் நின்றுகொண்டிருந்தேன்.

களம் இல்லாவிட்டால் என்ன செய்வது? பங்காளி களத்தில் அடிப்பதுதான். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 4 கிகாபைட் நினைவகமுள்ள கணிப்பொறிகள் இருக்கின்றன. ஆய்வக உதவியாளர் அண்ணாவிடம் கேட்டேன். அவர் முதலில் செய்த வேலை, ஆய்வகக் கணிப்பொறியின் வட்டு இணைப்பைக் கழற்றி வைத்தது. "உன் வட்டை அழிக்கிறேன்னு காலேஜ் வட்டை அழிச்சிட்டீன்னா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்" என்றார். அறிவுள்ள செயல். பிறகு என் வட்டை யு.எஸ்.பி. வழியே இணைக்கும் ஒரு மாற்றியைத் தேடிக் கொடுத்தார். அந்தக் கணிப்பொறி 64 பிட் முறையையும் ஏற்கும். ஆனால் வட்டு திரும்பப் போகும் வீடு 32 பிட். ஆகையால் 32 பிட் நிறுவியையே போட்டோம். எழும் முறையையும் பழைய பாணிக்கே மாற்றிக்கொண்டோம்.

அங்கே ஓர் அதிசயம். என் பெட்டியில் ஆங்கிலம் மட்டுமே பேசிய அதே டெபியன், ஆய்வகத்தில் மொழிப் பட்டியலை நீட்டியது. அதில் தமிழ் இருந்தது! தேர்ந்தெடுத்ததும் கேள்விகள் தமிழில் வரத் தொடங்கின. யாரோ சிலர் எங்கோ உட்கார்ந்து, கூலி வாங்காமல் ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். டெபியன் நிறுவியில் தமிழ் படத்திரை வழியில்தான் வரும், எழுத்துத்திரையில் வராது. ஏனெனில் எழுத்துத்திரை 256 அல்லது 512 வடிவங்களைக் கட்டம் கட்டமாக அடுக்குவது. 'கொ' என்பதில் ககரத்தின் முன்னும் பின்னும் குறிகள் நிற்க வேண்டும் என்பதை அது அறியாது. அதற்குத் தனி எழுத்துருவும் தனி நிரலும் வேண்டும். அவை நினைவகம் கேட்கும். நினைவகம் குறையும்போது நிறுவி முதலில் இறக்கிவிடும் சுமைகளில் ஒன்று மொழிபெயர்ப்பு. என் 248 மெகாபைட்டுக்கு ஆங்கிலம் கிடைத்தது. ஆய்வகத்தின் 4 கிகாபைட்டுக்குத் தமிழ் கிடைத்தது.

அந்த 24 கிலோபைட் இயந்திரத்தை நினைத்துக்கொண்டேன். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இன்று வழங்கும் ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். 'கணிப்பொறி' என்னும் சொல்லில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியுமாக ஒன்பது குறிகள். ஆக 27 பைட்டுகள். நீங்கள் படிக்கும் இக்கட்டுரை அந்த இயந்திரத்தின் மொத்த நினைவகத்திலும் அடங்காது. அக்காலச் சிக்கனம் உண்மைதான். அந்தச் சிக்கனத்தின் கணக்கில் நாம் இல்லை என்பதும் உண்மை. பெருத்துவிட்டது என்று நான் திட்டிக்கொண்டிருந்த மூட்டையின் ஒரு மூலையில் என் அம்மாவின் மொழியும் இருந்திருக்கிறது.

நிறுவல் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. வட்டைப் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் பூட்டினேன். எழவில்லை. கரு ஓடத் தொடங்கிய சில நொடிகளில் நினைவகம் போதவில்லை என்று நின்றுவிட்டது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பின் காரணம் கிடைத்தது. லினக்ஸ் எழும் ஒவ்வொரு முறையும், வட்டைத் தொடுவதற்கு வேண்டிய இயக்கிகளைக் கொண்ட சிறு மூட்டை ஒன்றை நினைவகத்தில் பிரித்துக்கொள்கிறது. அதிலும் ஊரிலுள்ள பெட்டிகளுக்கெல்லாம் வேண்டியவற்றை இட்டு வைத்திருந்தார்கள். அறுவடைக்கு மட்டுமன்றி, ஒவ்வொரு காலைக்கும் ஒரு குறுங்களம் வேண்டியிருக்கிறது! மறுபடி ஆய்வகம். அமைவுக் கோப்பில் 'பெரும்பாலானவை' என்று பொருள்படும் சொல்லை எடுத்துவிட்டுத் 'தேவையானவை மட்டும்' என்று பொருள்படும் சொல்லை இட்டு, எங்கள் பெட்டியின் வட்டுக்குரிய இயக்கியின் பெயரைத் தனியே சேர்த்து, மூட்டையைத் திரும்பக் கட்டினேன். அந்தப் பெயரைச் சேர்க்க மறந்திருந்தால், ஆய்வக இணைப்புக்கு வேண்டியவை மட்டும் மூட்டையில் இருந்திருக்கும். வீட்டில் வட்டையே அடையாளம் கண்டிருக்காது.

இம்முறை எழுந்தது. திரையில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். நிறுவும்போது ஆசையாகத் தமிழைத் தேர்ந்தெடுத்ததால், எழுத்துத்திரை தனக்குத் தெரியாத தமிழைக் கட்டங்களாகக் காட்டிக்கொண்டிருந்தது. எழுத்துத்திரைக்கு மட்டும் ஆங்கிலத்தை மாற்றி அமைத்துவிட்டு, நினைவகம் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தேன். 70 மெகாபைட்டுக்குள் அடங்கிவிட்டது. நிறுவ இயலாமல் மூச்சடைத்த அதே பெட்டியில், நிறுவியபின் நூற்றெழுபதுக்கு மேல் சும்மா கிடந்தது. சி மொழி நிரல்களைத் தொகுக்க அது தாராளம்.

அம்மாவுக்குச் சொன்ன சொல் மீதியிருந்தது. வழக்கமான பெரிய படத்திரைகளை விட்டுவிட்டு, ஐஸ் டபிள்யூ.எம். என்னும் மெலிந்த சாளர நிரலையும், லோஹித் தமிழ் எழுத்துருவையும், சிறிய எழுதி ஒன்றையும் மட்டும் இட்டேன். எல்லாம் சேர்ந்து 150ஐத் தாண்டவில்லை. துணிச்சல் வந்து ஓர் இணைய உலாவியையும் திறந்து பார்த்தேன். வட்டு கரகரவென்று அரைக்கத் தொடங்கியது. ஸ்வாப் பகுதி நிரம்பிக்கொண்டே போக, அம்புக்குறி பழையபடி நின்றுவிட்டது. கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மின்விசையை அணைத்தேன். உலாவி எங்கள் பெட்டிக்கு ஆகாது. அது கிடக்கட்டும்.

இப்போது அம்மா நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன். ஆறு மாத வாரக் கணக்கு, பன்னிரண்டு பேருக்கும் பெயர், தேதி, சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் தமிழில் ஏறிவிட்டன. அந்தக் கோப்பின் அளவை நேற்றுப் பார்த்தேன்: 28 கிலோபைட். மூன்று தட்டச்சர்கள் வேலை செய்த அந்த இயந்திரத்தின் நினைவகத்தைவிட 4 கிலோபைட் கூடுதல்.